முதல் பந்தியில் பதினோரு பேர்

எங்கள் பேட்டைப் பந்தாட்டக் கிளப் ஆண்டு விழா மலர் ஒன்று போட்டிருக்கிறது. வழவழப்பான அட்டை, உள்ளே நிறைய போட்டோ. பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். என் வீட்டுக்காரரைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி இருக்கிறது. உடல்நலக் குறைவால் சீசன் ஆரம்பத்திலேயே மேனேஜர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டாராம்.

உடல்நலக் குறைவா? அந்த வருஷம் அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. தண்டு என்று நாங்கள் சொல்லிவந்த கன்டோன்மென்டில், துரைமார்களுக்குத் துணி தைக்கும் கடையில் கட்டிங் மேஸ்திரியாக இருந்தார். காலையில் அல்சூரிலிருந்து நடந்தே போவார், சாயங்காலம் நடந்தே வருவார். இரண்டாவது ஆட்டம் முடிந்த கையோடு அவரைத் தூக்கி எறிந்தார்கள். எறிந்ததற்குக் காரணம் நான். இத்தனை வருஷம் யாரும் என்னைக் கேட்கவில்லை. இப்போது அச்சில் பொய் வந்த பிறகு நான் ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்?

எங்கள் கிளப்பில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. டீம் யார் யார் என்று எழுதி ஒட்டுவதெல்லாம் கிடையாது. ஆட்டம் உள்ள சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். பதினாலு பேரோ பதினைந்து பேரோ இருப்பார்கள். மில்லில் வேலை செய்கிறவர்கள், குதிரை லாயத்தில் வேலை செய்கிறவர்கள், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் கூடத்தில் பதினோரு பேருக்குமேல் உட்கார இடம் கிடையாது. முதல் பந்தியில் என் வீட்டுக்காரர் யாரையெல்லாம் உட்காரச் சொல்கிறாரோ அவர்கள்தான் அன்றைக்கு ஆடுவார்கள். இரண்டாம் பந்தி என்றால் வேடிக்கை பார்க்கத்தான். யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியது கிடையாது. தட்டு விழுந்தால் விழுந்ததுதான்.

சாப்பாடும் பெரிய விருந்தில்லை. அரிசிக் கஞ்சி, வேகவைத்த பச்சைப்பயறு, தேங்காய்த் துவையல். வயிறு கனத்தால் கால் ஓடாது என்பது அவர் கணக்கு. ஆட்டத்தன்று கறி என்ற பேச்சே எடுக்கக் கூடாது.

அந்தப் பதினோரு பேரை அவர் மட்டும் போடவில்லை. வருகிறவர்கள் பின்பக்கத் தொட்டியில் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். என் அடுப்படி ஜன்னல் அந்தத் தொட்டிக்கு நேரே இருந்தது. எங்கள் ஆட்கள் எல்லாரும் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள். பூட்ஸ் போட்ட சோல்ஜர்களை எதிர்த்து வெறுங்காலோடு ஓடுகிறவனுக்குக் கால்தானே எல்லாம்? அந்தக் காலை வாரா வாரம் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். எந்த விரலில் நகம் பெயர்ந்திருக்கிறது, எவன் கணுக்கால் வீங்கியிருக்கிறது, எவன் முந்தின நாள் குடித்துவிட்டு நிற்க முடியாமல் தடுமாறுகிறான், எல்லாம் எனக்கு அத்துப்படி. தட்டு எடுக்க இவர் அடுப்படிக்கு வரும்போது சொல்லிவிடுவேன். "அந்த வாத்தியாருக்கு இன்னிக்கு வேணாங்க, குதிகால் வெடிச்சு ரத்தம் கசியுது" என்பேன். ஒரு தடவை என் முகத்தைப் பார்ப்பார். அப்புறம் கூடத்துக்குப் போய் வாத்தியாரை இரண்டாம் பந்திக்கு அனுப்பிவிடுவார்.

இப்படி இரண்டு வருஷம் நடந்தது. ஆட்டக்காரர்களுக்கும் அரசல்புரசலாகத் தெரியும். என்னைப் பார்த்தால், "அக்கா, ஜன்னலைச் சாத்துங்கக்கா, கால் கழுவணும்" என்று கேலி செய்வார்கள். நானும் சும்மா இருக்க மாட்டேன். "ஏன், காலை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டியா?" என்பேன்.

அந்த வருஷம் சீசன் தொடங்கி முதல் ஆட்டம் சமனில் முடிந்தது. இரண்டாவது ஆட்டம் ஒரு பட்டாளத்து டீமோடு. அன்றைக்கு மத்தியானம் எங்கள் முக்கியமான ஃபார்வர்ட் கால் கழுவ வந்தான். அவன் கிளப் பிரசிடெண்டின் அக்கா மகன். பிரசிடெண்டு பட்டாளத்துக் குதிரைகளுக்கு வைக்கோல் சப்ளை செய்யும் கான்டிராக்டர், பெரிய கை. மருமகன் நல்ல ஆட்டக்காரன்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அவன் கால் கழுவின விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

கால் கழுவுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். ஒரு காலில் நின்று மற்றக் காலைத் தேய்ப்பார்கள், பிறகு கால் மாற்றுவார்கள். இவன் வலது காலில் நின்று இடது காலைக் கழுவினான். வலது காலைக் கழுவ வேண்டிய நேரத்தில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு கையால் தேய்த்தான். இடது கால் அவனைத் தாங்கவில்லை. முட்டியில் ஏதோ கோளாறு. வெளியே வீக்கம் ஒன்றும் தெரியவில்லை.

இவர் தட்டு எடுக்க வந்தார். சொன்னேன்.

"நல்லாப் பாத்தியா?" என்றார்.

"நல்லாத்தான் பாத்தேன். எடது முட்டி போச்சு."

"பிரசிடெண்டு ஊட்டுப் புள்ள."

"முட்டிக்கு அது தெரியுமா?"

அவர் சிரித்துவிட்டுப் போனார். அவனை இரண்டாம் பந்திக்கு அனுப்பினார். கூடத்தில் யாரோ ஒருவன், "அக்கா கண்ணுல பட்டுடுச்சு போல" என்று சொல்ல எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்த ஃபார்வர்டு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சாப்பிடாமலே போய்விட்டான்.

அன்றைக்கு மூன்று கோல் வாங்கித் தோற்றோம். பட்டாளத்துக்காரர்கள் அந்த வருஷம் அப்படி ஆடினார்கள், அவன் இருந்திருந்தாலும் தோற்றிருப்போம். ஆனால் அதை யார் கேட்டார்கள்? ஃபார்வர்டு நேரே மாமா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கிளப் பியூன் ஒரு கடிதத்தோடு வந்தான். இங்கிலீஷில் டைப் அடித்த கடிதம். இவர் நின்றபடியே படித்தார். பிறகு எனக்குத் தமிழில் சொன்னார். கிளப்பின் நன்மையை முன்னிட்டு வேறொருவரை மேனேஜராகப் போட்டிருக்கிறார்களாம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஹவில்தார். அந்தச் சனிக்கிழமையிலிருந்தே அவர்தான். அவ்வளவுதான் கடிதம். இத்தனை வருஷம் செய்தீர்களே என்று ஒரு வார்த்தை இருக்க வேண்டாமா? குழம்பில் கிடக்கும் கறிவேப்பிலைக்குக்கூட எடுத்துப் போடுவதற்குமுன் ஒரு நிமிஷம் கொடுப்போம்.

இவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் கடையில் ஒரு துரையின் கோட்டுக்குத் துணி வெட்டும்போது இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டார். இருபது வருஷத்தில் ஒரு நூல் பிசகாத மனுஷன். வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொன்னார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வயிற்றுப்பாட்டுக்குத்தான் அந்தக் கடை. அவர் உயிரோடு இருந்ததெல்லாம் சனிக்கிழமைக்காக. எங்களுக்குக் குழந்தை குட்டி இல்லை. அந்தப் பதினோரு பேர்தான்.

"நாளைக்கு அடுப்பு மூட்டாதே" என்றார். "ஹவில்தார் லிஸ்ட் போட்டு கிளப் ரீடிங் ரூம் கதவுல ஒட்டியிருக்காராம். எல்லாரும் அவங்கவங்க ஊட்டுல சாப்டுட்டு நேரா மைதானத்துக்கு வந்துடணுமாம்."

சரி என்று தலையை ஆட்டினேன். ஆட்டினேனே தவிர, கேட்பதாக இல்லை.

சனிக்கிழமை அவர் கடைக்குப் போனதும் கூடையைத் தூக்கிக்கொண்டு கசாப்புக் கடைக்குப் போனேன். நல்ல கொழுப்புள்ள ஆட்டுக்கறியாகப் பார்த்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து மிளகும் மல்லியும் வறுத்து அரைத்து, தேங்காய்ப்பால் ஊற்றிக் கெட்டியாக ஒரு குழம்பு வைத்தேன். பெரிய குண்டானில் சோறு. உருளைக்கிழங்கு வறுவல் வேறு. இந்தப் பயல்கள் பழக்கதோஷத்தில் எப்படியும் இங்கேதான் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். தொண்டைமட்டும் தின்னட்டும். தின்றுவிட்டுப் புது மேனேஜருக்காக ஓடட்டும் பார்க்கலாம். பந்தைப் பார்த்து ஏப்பம்தான் விட முடியும். இது தப்பில்லையா என்று கேட்டால், தப்புதான். தெரிந்துதான் செய்தேன். அன்றைக்கு என் கண்ணுக்கு டீமும் தெரியவில்லை, கிளப்பும் தெரியவில்லை. இரண்டு இடது கை வெட்டின மனுஷன் முகம்தான் தெரிந்தது.

நான் நினைத்தபடியே வந்தார்கள். லிஸ்டைப் பார்த்துவிட்டு, ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் பின்வாசலுக்கு வந்து கால் கழுவினார்கள். ஃபார்வர்டும் வந்தான். வெட்கமோ பசியோ, தலையைக் குனிந்துகொண்டே வந்தான். அந்தத் தடவையும் கல்லின்மேல் உட்கார்ந்துதான் வலது காலைத் தேய்த்தான்.

"அக்கா, என்னக்கா, கறி வாசனை வருது?" என்று ஒருவன் கேட்டான்.

"உங்க புது மேனேஜர் வந்த குஷி" என்றேன். அவர்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

நான் கரண்டியைக் கையில் எடுத்த நேரம் இவர் கடையிலிருந்து வந்துவிட்டார். கூடம் நிறைய ஆட்கள் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். நேரே அடுப்படிக்கு வந்து மூடியைத் திறந்தார். குழம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கஞ்சி எங்கே?"

"கஞ்சி இல்ல."

"ஏன் இல்ல?"

"உங்களைத் தொரத்துனவங்க டீமுக்கு நான் எதுக்குக் கஞ்சி காச்சணும்? தின்னுட்டுப் படுத்துக் கெடக்கட்டும்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். இன்னொரு குண்டானை எடுத்து, நான் வடித்து வைத்திருந்த சோற்றில் பாதியை அதில் போட்டு, தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு அடுப்பில் ஏற்றினார். மத்தை எடுத்துக் குழையக் குழையக் கடைந்தார். அடுப்படிப் பக்கம் தட்டு எடுக்க மட்டுமே வந்த மனுஷன்.

"என்னைத் தொரத்துனது பிரசிடெண்டு" என்றார் கடைந்துகொண்டே. "இவங்க வயிறு என்ன பண்ணுச்சு?"

நான் துவையலுக்குத் தேங்காய் துருவ ஆரம்பித்தேன். துருவலில் என் கோபம் பூரா இறங்கியது.

பிறகு அவர் கூடத்துக்குப் போனார். ஹவில்தாரின் லிஸ்டை வாத்தியார் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதைக் கையில் வாங்கிக்கொண்டு, அதிலிருந்த பதினோரு பேரையும் வரிசையாக உட்கார வைத்தார். ஃபார்வர்டுக்கும் முதல் பந்தியில் தட்டு விழுந்தது.

அடுப்படிக்கு வந்தவரிடம், "அவன் கால் இன்னும் சரியில்லைங்க" என்றேன்.

"லிஸ்ட்டுல இருக்கான்" என்றார். ஆனால் கஞ்சி ஊற்றும்போது அவன் பக்கத்தில் குனிந்து சொன்னது என் காதில் விழுந்தது. "முட்டி வலிச்சா வெளிய வந்துடு. ரோஷத்துக்கு ஓடாதே. இன்னும் எட்டு ஆட்டம் இருக்கு." அந்தப் பயல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கறியை அப்படியே மூடி வைக்கச் சொன்னார். ஆட்டம் முடிந்து வந்து எல்லாரும் சாப்பிடலாம் என்றார்.

மைதானத்துக்கு நான் போகவில்லை. பெண்கள் போகிற வழக்கம் அப்போது இல்லை. இவர் போனார். கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தாராம். இருட்டும் நேரத்தில் எல்லாரும் சேர்ந்து வந்தார்கள். இவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"ஜெயிச்சுட்டோம்" என்றார். அதுவும் காற்றாகத்தான் வந்தது.

யார் ஜெயித்தது என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்க மனசு வரவில்லை. ஃபார்வர்டு பாதி ஆட்டத்துக்கு முன்பே முட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டானாம். அந்தக் காலத்தில் ஒருவன் வெளியே வந்தால் வேறு ஆள் இறங்க முடியாது. மிச்ச ஆட்டம் பூரா பத்தே பேர் ஆடினார்கள். கடைசியில் ஒரே கோல் போட்டு ஜெயித்தார்கள். கறிக் குழம்பைச் சட்டியோடு வழித்துத் தின்றார்கள். நொண்டிக்கொண்டு வந்த ஃபார்வர்டு என் எதிரில் நின்று, "அக்கா, நீங்க சொன்னதுதான் சரி" என்றான். தின்று முடித்துவிட்டு எல்லாரும் பிரசிடெண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை டீம் எங்கள் வீட்டில் போட்டால்தான் ஆடுவோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் பூசை முடிந்து கோயிலுக்கு வெளியே வந்தோம். பிரசிடெண்டு, ஹவில்தார், கமிட்டியில் இரண்டு பேர், எல்லாரும் மரத்தடியில் காத்துக்கொண்டிருந்தார்கள். பிரசிடெண்டு சிரித்துக்கொண்டே கையைப் பிடித்தார்.

"மேஸ்திரி, ஆனது ஆச்சு. மனசுல வெச்சுக்காதீங்க. அடுத்த சனிக்கிழமையிலிருந்து நீங்களே பாத்துக்குங்க. ஹவில்தாருக்கும் ஒண்ணும் ஆட்சேபணை இல்ல."

ஹவில்தார் நல்ல மனுஷன். "எனக்கு அந்தக் கால் தெரியலீங்க" என்று ஒப்புக்கொண்டார்.

இவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். வியாழக்கிழமையிலிருந்து பார்க்காத முகம் அது.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் பிரசிடெண்டு. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மத்த கிளப்புக்காரனெல்லாம் சிரிக்கிறான். அடுப்படி டீமுன்னு பேர் வெச்சுட்டான். அதனால கமிட்டி முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க. டீம் போட்டது பூரா நீங்கதான், ஊட்டுப் பொம்பளைங்க சொல்லி எதுவும் நடக்கலேன்னு. இப்ப இங்கயே சொன்னாலும் போதும். எழுதிக்கிறோம்."

இவர் தன் கையை உருவிக்கொண்டார். இந்த மனுஷன் எதையாவது சொல்லிக் கெடுத்துவிடப் போகிறாரே என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு வார்த்தைதானே? சொன்னால் சனிக்கிழமை திரும்பி வந்துவிடும். அவர் முந்திக்கொள்ளுமுன் நான் முந்திக்கொண்டேன்.

"ஆமாங்கய்யா" என்றேன். "எல்லாம் அவர்தான். கஞ்சி காச்சறவ நான். பந்தாட்டத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

இதைச் சொன்னவள் நான்தான். யாருக்கும் பயந்து ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்காத நான். நாக்கு கசந்தது. ஆனாலும் சொன்னேன். பிரசிடெண்டு திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"இல்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

தொண்டை இன்னும் தெளியவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

"அவ பொய் சொல்றா. பாத்தது அவ, தட்டு போட்டது நான். போன வருஷம் கோல்கீப்பரை மாத்துனது அவ சொல்லித்தான். வாத்தியாரை ரெண்டு வாரம் உக்கார வெச்சதும் அவ சொல்லித்தான். உங்க மருமகன் முட்டியையும் அவதான் பாத்தா. எனக்கு அது தெரியவே இல்ல. மேனேஜர்னா நாங்க ரெண்டு பேருந்தான். வேணும்னா ரெண்டு பேரையும் வெச்சுக்குங்க. வேணாம்னா ரெண்டு பேரையும் விட்டுடுங்க."

பிரசிடெண்டு முகம் சுருங்கிப்போயிற்று. கோயிலை விட்டு வெளியே வந்துகொண்டிருந்த நாலு பேர் நின்று கேட்டுவிட்டார்கள். அதுதான் அவருக்கு ஜாஸ்தி உறைத்தது. "உங்க இஷ்டம் மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு போனார். கமிட்டிக்காரர்கள் பின்னாலேயே போனார்கள். ஹவில்தார் மட்டும் நின்று எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். கடைசியில் அந்த சீசன் முழுக்க ஹவில்தாரையே மேனேஜராக வைத்துக்கொண்டார்கள். ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வேலையைக் காட்டி மிரட்டி வழிக்குக் கொண்டுவந்தார்கள். என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு எந்தக் கிளப்புக்கும் மேனேஜராக இருக்கவில்லை. அவர் விலகவில்லை, அவரை விலக்கினார்கள். திரும்பக் கூப்பிட்டபோது அவர்தான் போகவில்லை. மலர் போட்டவர்கள் இதையும் ஒரு பக்கத்தில் போட்டுக்கொள்ளட்டும்.

கோயிலிலிருந்து வீட்டுக்குத் திரும்பி நடந்தோம். எனக்குத் தாங்கவில்லை. நடுத்தெருவென்றும் பார்க்காமல் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, ஒரே ஒரு பொய். சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? உங்களுக்கு உசுரே அதுதானே? எனக்காகவா அதை விட்டீங்க? நான் கேட்டேனா?"

அவர் நடையை நிறுத்தவில்லை.

"நீ சொன்னியே, எனக்கு என்ன தெரியும்னு" என்றார். "அதைக் கேட்டுக்கிட்டு நிக்க முடியல."

அதற்குமேல் வீடு வரைக்கும் நான் பேசவில்லை. இந்த வயசு வரைக்கும் என் வாயை அடைத்த ஆள் அவர் ஒருவர்தான்.